நூறு வருஷத்து மரமும் புது ஊர்க் காற்றும்

செட்டிநாட்டு வீடுகளின் பழைய மரத்தை வாங்கி மலைக்கும் கடற்கரைக்கும் வடக்கே டில்லிக்கும் கொண்டுசெல்லும் அன்பர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,



சென்ற பங்குனி மாதத்து உச்சி வெயிலில், பிரித்துக்கொண்டிருந்த ஒரு வளவு வீட்டின் முகப்பில் நின்றுகொண்டு, உத்தரங்களும் நிலைகளும் கைமரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக லாரியில் ஏறுவதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்த உங்களில் ஒருவர், என் பக்கம் திரும்பி, "நூறு வருஷத்து மரம், இனிமேல் இது அசையாது, இல்லையா?" என்று கேட்டார். கேட்டவர் மெத்தப் படித்தவர். கொச்சிக் கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர். அடுத்து வந்த ஆவணியிலேயே கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டவர். நானோ வியாபாரி. விலை படிந்து முன்பணமும் கைக்கு வந்துவிட்ட பிறகு ஒரு வியாபாரி என்ன பதில் சொல்வானோ அதையே சொல்லி, தலையையும் ஒருமுறை பலமாக ஆட்டிவிட்டு வீடு திரும்பினேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை என்றெல்லாம் எழுதினால் அது பொய்யாகும். இரண்டும் வழக்கம்போலவே நடந்தன. ஆனால் மறுநாள் காலை கடையைத் திறந்து, உள்மூலையில் முப்பத்தைந்து வருஷமாக விற்காமல் சாத்தி வைத்திருக்கும் ஒரு கதவைப் பார்த்தபோது மனசு உறுத்திற்று. உடனே உட்கார்ந்து கொச்சிக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி உண்மையைச் சொல்லிவிட்டேன். அதே கேள்வியை, அதே நம்பிக்கையோடு, வருஷத்துக்கு இருபது பேராவது என்னிடம் கேட்கிறீர்கள் என்பதால், அவருக்கு எழுதியதையே சற்று விஸ்தாரமாக உங்கள் எல்லோருக்கும் எழுதத் துணிகிறேன்.

நீங்கள் வாங்கிச் செல்வது முதல்முறையாக ஊர் மாறும் மரம் அல்ல என்பதை முதலில் நினைவூட்ட வேண்டும். பர்மாக் காடுகளில், பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதால், நிற்கிற மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று வருஷம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும்படி விட்டு, அதன்பிறகே வீழ்த்துவார்கள். வீழ்த்திய மரத்தை யானைகள் ஓடைக்கு இழுத்துவர, மழைவெள்ளம் வந்தபோது அது ஐராவதியிலும் சால்வீனிலும் மிதந்து, ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் வந்து சேர்ந்து, அறுபட்டு, கப்பலேறி, வங்காள விரிகுடாவைக் கடந்து இந்த வறண்ட சீமைக்கு வந்தது. வந்ததும் யாரும் அதன்மேல் உளியை வைத்துவிடவில்லை. அந்நாளில் ஒரு வளவு வீடு எழும்ப வருஷக்கணக்காகும். மரம் கொட்டகையில் கிடக்கும். கல்தச்சனும் கொத்தனாரும் தங்கள் வேலையைச் சாவகாசமாக முடித்த பிறகே மரத்தச்சனின் முறை வரும் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தத் தாமதத்தை யாரும் சாஸ்திரமாக எண்ணிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. வேலை நடந்த வேகமே அவ்வளவுதான். ஆனால் அந்த வேகக்குறைவுக்குள்ளே மரம் இந்த ஊர்க் காற்றோடு பழகிக்கொண்டுவிட்டது. இன்று நீங்கள் தட்டிப் பார்த்து, "இழைத்தது போல் நிற்கிறதே!" என்று வியக்கிற நிலைகளின் ரகசியத்தில் ஒரு பாதி தேக்கின் சுபாவம் என்றால், மறுபாதி அந்தக் காத்திருப்பு.

1942இல் பர்மாவை விட்டு நம்மவர் கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பியதோடு அந்தப் போக்குவரத்தின் பொற்காலம் முடிந்தது. 2014இல் மியன்மார் அரசாங்கம் வெட்டிய மரத்தை அப்படியே முழுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபிறகு, பழைய வீட்டு மரத்துக்கு மவுசு இன்னும் ஏறிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அரைமணி நேரம் நடந்தவர்களுக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவ்வாறு ஏறிய விலையோடு ஏறிய பிரமைதான் இந்த "அசையாது" என்னும் சொல்.

இனி, மூலையில் இருக்கும் கதவின் கதை.

நான் தகப்பனாரிடமிருந்து கடையைப் புதிதாக ஏற்று நடத்திய காலம். குன்னூரில் ஒரு பங்களாவைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒருவர், வெறும் பலகையாக அல்லாமல் கதவாகவே செய்து கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நானும் இங்கே பிரித்த ஒரு வீட்டின் பரண் பலகைகளை எடுத்து, சித்திரை மாதத்து வெயிலில், மூன்றடி அகலத்துக்கு நான்கு பலகைகளைப் பசையிட்டு ஒட்டி, பின்புறம் மூன்று குறுக்குச் சட்டங்களை இறுக்கித் திருகாணி அடித்து, அருமையான ஒற்றைக் கதவு ஒன்று செய்வித்து அனுப்பினேன். வைகாசியில் மாட்டினார்கள், கண்ணாடிபோல் இருக்கிறது என்று கடிதம் வந்தது. ஆடியில் கதவு சாத்த வரவில்லை என்று இன்னொரு கடிதம். உள்ளூர்த் தச்சர் ஒருவரை வைத்துப் பக்கவாட்டில் 4 நூல் இழைத்துத் தள்ளியபிறகு சரியாயிற்று என்று புரட்டாசியில் மூன்றாவது கடிதம். நான்காவது கடிதம் மாசியில் வந்தது. அதில் மரியாதைச் சொற்கள் எதுவும் இல்லை; கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறது என்றும், இரண்டாவது பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது என்றும், நூறு வருஷத்து மரம் என்று சொல்லி நேற்று வெட்டிய மரத்தை ஏமாற்றி விற்றுவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார்.

எங்கள் கடையில் இருந்த வயதான ஆசாரியை அழைத்துக்கொண்டு மலையேறினேன். அவர் கதவைத் தொடுவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தாழ்வாரச் சுவரில் பாசி படர்ந்திருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். சமையற்கட்டுக்குள் போய், அந்த வீட்டம்மாளிடம், "உப்பு ஜாடியைக் கொஞ்சம் காட்டுங்க, ஆத்தா" என்று கேட்டார். நீர் விட்டுக் கட்டிபட்டுக் கிடந்த உப்பைக் கண்டதும், திரும்பி வந்து கதவின் முன் குந்தி, வெடிப்பின்மேல் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். வெடிப்பு ஒவ்வொரு திருகாணியின் அருகிலும் சற்றே அகன்று, அடுத்ததற்குப் போகும் வழியில் குறுகி, ஆற்றின் படம்போல் ஓடியிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, வீட்டுக்காரர் காதில் விழாதபடி, "தம்பி, மரத்துக்கு வயசக் கேட்டீக, அது போற ஊரக் கேட்டீகளா?" என்றார்.

அந்தக் கதவுக்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கதவையும் எடுத்து வந்தேன். ஆசாரி சொன்னதன் தாத்பர்யம் முழுதும் எனக்கு விளங்கப் பின்னும் சில வருஷங்கள் ஆயின.

விஷயம் இதுதான். மரம் காய்வது என்பதை நாம் மனிதனுக்கு வயதாவதுபோல ஒருவழிப் பிரயாணமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். சென்ற சித்திரையில் மொட்டைமாடியில் சலசலவென்று காயவைத்த வடகம், ஐப்பசி அடைமழையில் டப்பா மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் நமுத்துப்போகிறதே, அப்போது "நான் காய்ந்து ஆறு மாதமாயிற்றே" என்று அது யோசிக்கிறதா? மரமும் அப்படித்தான். பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாகத் தங்கியிருக்கிறது: நுண்ணறைகளின் வெற்றிடத்தில் தேங்கி நிற்பது ஒன்று, அறைகளின் சுவரிலேயே ஊறிக் கிடப்பது மற்றொன்று. வெட்டிய பின் முதலில் வெளியேறுவது தேங்கிய நீர். அது போவதால் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. நீர்ச்சத்து ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவரில் ஊறிய நீர் விடைபெறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது. இந்தச் சுவர் நீருக்கும் வெளியே வீசும் காற்றின் ஈரத்துக்கும் இடையே ஓயாத கொடுக்கல் வாங்கல் ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக நிலைத்தால் மரத்தின் நீர்ச்சத்து ஏழரைக்கு அருகே வந்து நிற்கும். 65 ஆனால் 12க்கு அருகே. 80 ஆனால் 16. 90 ஆனால் 20. மரம் நேற்று வெட்டியதா, நம் கொள்ளுப்பாட்டனார் வெட்டியதா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம் என்றேனே ஒழிய, முழுக்கவும் சொல்லிவிட முடியாது. நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். மிகப் பழைய மரம், புதிய மரத்தைவிடச் சற்றே குறைவாக ஈரத்தை வாங்கும் என்பது உண்மை. சற்றே என்பதுதான் அங்கே முக்கியமான சொல். ஜப்பானில் நாரா நகரத்துக்கு அருகே ஹோரியூஜி என்று ஒரு பௌத்தக் கோயில் இருக்கிறது. உலகத்தில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களில் அதைவிடப் பழையது கிடையாது. வயது 1,300 வருஷத்துக்கு மேல். அதைப் பழுதுபார்த்த பரம்பரைத் தச்சர் நிஷியோகா ட்சுனேகாஸு, அந்த மரத்தை இழைத்தபோது புதிதாக வெட்டியதுபோல் வாசனை வீசியது என்றும், கூரை ஓட்டின் பாரத்தை இறக்கியதும் வளைந்திருந்த மரங்கள் சில நாட்களில் நிமிர்ந்துகொண்டன என்றும் பதிவு செய்திருக்கிறார். மலையின் தென்சரிவில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தென்புறத்திலும் வடசரிவில் வளர்ந்ததை வடபுறத்திலும் வைக்கவேண்டும் என்பது அந்தத் தச்சர்களின் வாய்மொழி மரபு. ஒரே மலையின் இரண்டு சரிவுகளையே இரண்டு தேசமாக எண்ணியவர்கள், நம்முடைய லாரிகளைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

நம்முடைய தேசத்திலும் இந்த ஞானம் ஏட்டில் இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 287ஆம் எண் விதி, ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டையே நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த வேலைக்கு எவ்வளவு நீர்ச்சத்துள்ள மரம் தகும் என்று நிர்ணயித்திருக்கிறது. 50 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள கதவு ஜன்னல் மரத்துக்கு, மிக வறண்ட முதல் மண்டலத்தில் 10 சதவீதம். ஈரப்பதம் 67 சதவீதத்துக்கு மேலிருக்கும் நான்காம் மண்டலத்தில் 16. ஆறு சதவீத வித்தியாசந்தானே என்று அலட்சியமாக நினைப்பவர்களுக்காக என் கதவின் கணக்கையே சொல்கிறேன். மரம் தன் நீளவாட்டில் அநேகமாக அசைவதே இல்லை, அகலவாட்டில்தான் அசைகிறது, அதிலும் ஆண்டு வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த பலகை, நடுவிலிருந்து ஆரம்போல் அறுத்த பலகையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அசைகிறது. தேக்கு, மர ஜாதிகளுக்குள் மிகவும் சாதுவானது. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை தொடுகோட்டுத் திசையில் 5.8 சதவீதமும் ஆரத்திசையில் 2.5 சதவீதமுமே சுருங்குகிறது. அந்தச் சாதுவான தேக்கில், மூன்றடி அகலத்துக்கு ஒட்டிய தொடுகோட்டுப் பலகை, காரைக்குடிச் சித்திரையின் 10 சதவீதத்திலிருந்து குன்னூர் ஆடியின் 18 சதவீதத்துக்குப் போனால், அகலம் அரை அங்குலம் கூடும். அரை அங்குலம் என்பது 4 நூல். அந்த மலைத்தச்சர் இழைத்துத் தள்ளினாரே, அதே 4 நூல்! காற்று கொடுத்ததை அவர் சீவி எறிந்துவிட்டார்; மாசியில் காற்று தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்டபோது, கதவு தன் உடம்பிலிருந்து எடுத்துக்கொடுக்க நேர்ந்தது. பின்னால் இருந்த சட்டமோ நீளவாட்டில் கிடப்பது, அசையாதது. திருகாணிகள் அதனோடு பலகையைப் பூட்டியிருந்தன. ஒன்று சுருங்க, ஒன்று சுருங்காமலிருக்க, நடுவில் இருந்தது பிளந்தது. ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை. மரம் அவர் கேட்டது போலவே நூறு வருஷத்து மரந்தான்.

உங்களில் மலைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் போகிறவர்கள், அதாவது வறண்ட ஊரிலிருந்து ஈரமான ஊருக்கு மரத்தைக் கொண்டுபோகிறவர்கள், ஒருவகையில் பாக்கியசாலிகள். அடுக்கி வைத்த பலகை ஈரத்தை வாங்கி உப்பும்போது அதற்கு எந்த அபாயமும் இல்லை; வெடிக்காது, பிளக்காது; பேசாமல் பருத்துக்கொண்டிருக்கும். அபாயமெல்லாம், பருத்து முடிவதற்குள் அதைச் சட்டத்துக்குள் பூட்டிவிடும் அவசரத்தில்தான் இருக்கிறது. நீர்ச்சத்து 20 சதவீதத்துக்கு மேலே போகும் இடங்களில் பூஞ்சாணம் பற்றும் என்ற பயம் வேறு உண்டு. அது வைரத்தைவிட வெளிறிய வெளிமரத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால், வாங்கும்போதே வெள்ளை ஓடிய பலகைகளைக் கழித்துவிடுவது நல்லது. நான் அவற்றையும் சேர்த்தே கட்ட முயலுவேன், நீங்கள் விடாதீர்கள்.

எதிர்த்திசையில் போகிறவர்கள்பாடுதான் கஷ்டம். கோழிக்கோட்டுக் கல்லாய் ஆற்றங்கரை மரவாடியிலிருந்து கடற்காற்று குடித்த பலகைகளை வாங்கி டில்லிக்குக் கொண்டுபோன உத்தியோகஸ்தர் ஒருவரை எனக்குத் தெரியும். சித்திரை வைகாசியில் அங்கே வீசும் அனல்காற்று, பலகையின் முகத்தைவிட அதன் வெட்டுமுனையைத்தான் முதலில் தாக்குகிறது. ஏனென்றால் நார் ஓட்டத்தின் வழியே நீர் வெளியேறும் வேகம், குறுக்கே வெளியேறுவதைவிடப் பத்து மடங்குக்கு மேல். முனை காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரமாயிருக்க, முனையில் மயிரிழை வெடிப்புகள் விசிறிபோல் விரிகின்றன. அவருடைய பலகைகளில் முனைக்கு ஓரடி வீதம் அறுத்துத் தள்ளவேண்டி வந்தது. மிஞ்சியதில் செய்த அலமாரியின் கதவுகளில், சட்டத்துக்குள் செருகிய பலகைகள் முதல் கோடையில் உள்வாங்க, பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று இருபுறமும் எட்டிப் பார்த்தது; ஆவணி மழையில் அந்தக் கோடு மறைந்தது; மறுகோடையில் மறுபடியும் வந்தது. அவர் அதைக் குறையாகச் சொன்னார். பலகையைப் பசையிட்டுப் பூட்டாமல் காடியில் சும்மா செருகிவிட்ட அந்தத் தச்சர் புத்திசாலி என்றும், பூட்டியிருந்தால் கோட்டுக்குப் பதில் வெடிப்பு வந்திருக்கும் என்றும் நான் சொன்னேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

இந்த வகையில் மிகவும் பரிதாபத்துக்கு உரியது மரப்பலகைகூட அல்ல, வீணை. பலாக்கட்டையில் குடைந்த தஞ்சாவூர் வீணையைக் கனடாவுக்கும் அமெரிக்காவின் வடபகுதிக்கும் கொண்டுபோகிறார்கள் நம் பெண்கள். அங்கே பனிக்காலத்தில் கணப்பு மூட்டிய வீட்டின் உள்காற்று 30 சதவீதத்துக்கும் கீழே வறண்டுவிடுகிறது. மரத்தின் நீர்ச்சத்து 6க்கும் கீழே இறங்குகிறது. காவிரிக்கரையின் காற்றைக் குடித்து வளர்ந்த குடம், தை மாதத்து ஓர் இரவில் "டப்" என்று வெடித்த சத்தம் கேட்டு வீட்டார் விழித்துக்கொண்ட கதையை என் உறவுக்காரப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். வீணை இருக்கும் அறையில் ஈரம் பரப்பும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டபிறகு அடுத்த வீணை பிழைத்திருக்கிறதாம்.

டில்லிக்கும் கனடாவுக்கும் போகவேண்டும் என்பதுகூட இல்லை. சென்னையில் ஒரே வீட்டுக்குள், கடற்காற்று வீசும் கூடத்துக்கும் இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கும் கதவு, ஒருபக்கம் மயிலாப்பூரிலும் மறுபக்கம் ஜெய்ப்பூரிலும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகம் ஈரம் வாங்க, மறுமுகம் ஈரம் விட, பலகை தோணிபோல் வளைகிறது. இதற்கு மரக்கடைக்காரனைத் திட்டிப் பயனில்லை. இருமுகத்திலும் சமமாகப் பாலிஷ் ஏற்றாத சிக்கனத்தைத்தான் திட்டவேண்டும். பாலிஷ், வார்னிஷ், பெயிண்டு எதுவானாலும் ஈரத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கப்பல்கள் எத்தனையோ தேசம் போகின்றனவே, அவற்றின் தேக்கு ஏன் பிளக்கவில்லை என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் கட்டி 1817இல் நீரிலிறக்கிய டிரிங்கோமலி என்னும் போர்க்கப்பல், இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருப்பது வாஸ்தவந்தான். கடலில் மிதப்பது ஊர் மாறினாலும் காற்று மாறாமல் பார்த்துக்கொள்கிறது என்பதை யோசித்தால் நண்பரின் மடக்கு அவிழ்ந்துவிடும். உங்கள் கதவுக்கு அந்த வசதி இல்லை.

இனிச் செய்யவேண்டியதற்கு வருகிறேன். லாரியில் ஏற்றும்போது தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுசெல்லுங்கள். மழையில் நனைவதைவிட, மேலடுக்குப் பலகைகள் மூன்று நாள் வெயிலில் ஒருமுகமாகக் காய்வதே அதிகக் கெடுதல் செய்கிறது. ஈரமான ஊரிலிருந்து வறண்ட ஊருக்குப் போவதானால், புறப்படுவதற்கு முன்பே வெட்டுமுனைகளில் மெழுகோ கெட்டியான பெயிண்டோ இரண்டு கை பூசிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும், வெயிலும் சாரலும் படாத, ஆனால் காற்று தாராளமாக நுழைந்து வெளியேறும் கொட்டகையில், சிமெண்டுத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கட்டைகள் போட்டு, அதன்மேல் ஒரு வரிசைப் பலகை, அதற்குக் குறுக்கே ஓர் அங்குல ரீப்பர்கள், அதன்மேல் அடுத்த வரிசை என்று அடுக்குங்கள். ரீப்பர்களை ஒன்றரை முதல் இரண்டடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி வைக்கவேண்டும். கோடு தவறினால் பாரம் இடம் மாறி, நல்ல பலகையும் அலையலையாய் வளைந்துபோகும். டில்லி போன்ற வறண்ட ஊரானால் முதல் இரண்டு மாதம் அடுக்கைச் சுற்றிக் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, பிறகு ஒவ்வொரு பக்கமாக எடுத்துவிடுங்கள். பருத்த உத்தரங்களை அறுத்துப் பலகையாக்குவதாயிருந்தால், போகும் ஊரில் அறுப்பதே மேல். அறுத்ததும் உள்ளே அடங்கியிருந்த இழுப்பு விடுபட்டுப் பலகை வளையும். அந்த வளைவும் ஈரத்தின் வளைவும் ஒருசேர அங்கேயே அடங்கட்டும். அறுக்குமுன் காந்தம் ஒன்றை மரத்தின்மேல் ஓட்டிப் பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிட்டால் வாள்பட்டறைக்காரர் உங்களை ஆசீர்வதிப்பார்.

எத்தனை நாள் காத்திருப்பது? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று பழைய தச்சர்கள் சொல்லும் கணக்கு பச்சை மரத்துக்கானது. காய்ந்த மரம் ஊர் பழகிக்கொள்ள அவ்வளவு வேண்டாம். நாள்காட்டியைப் பார்ப்பதைவிடத் தராசைப் பார்ப்பது உத்தமம். அடுக்கின் நடுவே எளிதாக உருவக்கூடிய ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து, மாதத்துக்கு ஒருமுறை அதை நிறுத்து, எடையையும் தேதியையும் பென்சிலால் அதன் முகத்திலேயே எழுதி வாருங்கள். எடை ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்வரை மரம் பிரயாணத்தில்தான் இருக்கிறது. நீர்ச்சத்தையே துல்லியமாக அறிய விரும்புவோர், பலகையின் முனையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மெல்லிய துண்டை அறுத்து, நிறுத்து, 103 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வாட்டி, மறுபடியும் நிறுத்தால், குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்துச் சதவீதம் காணலாம். 110 கிராம் 100 கிராமாக நின்றால் 10 சதவீதம். இரண்டு ஊசி குத்தி எண் காட்டும் கருவியும் கடைகளில் கிடைக்கிறது. கடைக்காரன் அதை வெயிலில் கிடந்த பலகையின் மேல்முகத்தில் குத்திக் காட்டினால் நம்பாதீர்கள். நானே அப்படிக் குத்திக் காட்டியவன்.

ஆசாரியை அமர்த்தும்போது, பலகையைச் சட்டத்துக்குள் பூட்டாமல், காடியில் மூச்சுவிட இடம் வைத்துச் செருகச் சொல்லுங்கள். மேஜைப் பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் பிணைப்பதானால், ஆணித் துளையை வட்டமாக அல்லாமல் அகலவாட்டில் நீளமாகத் துளைக்கச் சொல்லுங்கள். செய்கிற மாதம் கோடையா மழைக்காலமா என்று பார்த்து, கோடையானால் இடைவெளியைக் கூட்டியும் மழைக்காலமானால் குறைத்தும் விடச் சொல்லுங்கள். நல்ல ஆசாரிக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை; சொன்னால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொண்டால் சரியான ஆளைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

"இதற்கெல்லாம் எங்கே அவகாசம்? கிரகப்பிரவேச நாள் குறித்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று" என்பீர்கள். நீங்கள் சொல்வதை நான் அலட்சியப்படுத்தவில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு வட்டியும் கட்டுகிறவரிடம் ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும் என்று உபதேசம் செய்வது எளிது. ஆனால் முகூர்த்தத்துக்கு வேண்டியது வாசற்கால் ஒன்றே; அலமாரியும் கட்டிலும் உள்கதவுகளும் பின்னால் வந்தால் எந்தக் கிரகமும் கோபித்துக்கொள்வதாகச் சாஸ்திரத்தில் நான் கேள்விப்படவில்லை.

கொச்சிக்காரரிடமிருந்து போன வாரம் பதில் வந்தது. ஆவணியில் கிரகப்பிரவேசம் குறித்தபடி நடந்துவிட்டதாம். உள்ளறைகளுக்குத் தற்காலிகமாகப் பிளைவுட் கதவுகளை மாட்டிவிட்டு, மரத்தை மாடிக் கொட்டகையில் ரீப்பர் கொடுத்து அடுக்கியிருக்கிறாராம். ஒன்றரை அங்குலக் கனமும் பத்தங்குல அகலமுமாய் நாலடி நீளப் பலகை ஒன்றைக் குறித்துவைத்து நிறுத்து வருகிறார்; சித்திரை பிறக்கும்போது 7 கிலோ 700 கிராம் இருந்தது ஐப்பசியில் 8 கிலோ 100 கிராம் ஆகியிருக்கிறது; இப்போது தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். தை மாசியில் அங்கே காற்று சற்று உலரும். அந்த இரண்டு மாதத்து எடையும் வந்து சேரட்டும் என்று எழுதியிருக்கிறேன்.

மார்கழி பிறப்பதற்குள் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைப் பிரிக்கப்போகிறார்கள். பட்டாசாலைத் தூண்களும் இருநூறு கன அடிக்குக் குறையாத பலகையும் வரும். பார்க்க வருகிறவர்கள் மரத்தின் வயதை என்னிடம் கேட்பதற்கு முன்னால், அது போகப்போகும் ஊரின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பழைய கதவையும் வெளியே எடுத்துத் துடைத்துக் கடை வாசலில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி மரக்கடைக்காரன் ஒருவன்